முப்பத்தொரு மேற்கோளும் மூன்று கேள்வியும்

விழிதியூர் நீலகண்டனுக்குக் காரைக்கால் வட்டாரத்தில் ‘மேற்கோள்’ என்றொரு பட்டப்பெயர் இருந்தது. அதைப் பாராட்டு என்றே அவர் இருபது வருடமாக நினைத்திருந்தார். சூட்டியவர்கள் அப்படி நினைத்துச் சூட்டவில்லை என்பது அவர் மனைவி பெரியநாயகிக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார். மௌனத்தைப் பற்றி ஏழு மேற்கோளும் வைத்திருப்பார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவரிடம் ஐந்து நோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். தாய், கல்வி, கடமை, நட்பு, பெண், பிரிவு, முதுமை என்று தலைப்புப் போட்டு, செய்தித்தாளில் பார்த்தது, நாட்காட்டித் தாளின் அடியில் இருந்தது, மேடையில் கேட்டது எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்திருந்தார். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே யாராவது ஓய்வு பெற்றால் ‘கடமை’யிலிருந்து எடுப்பார். பள்ளி ஆண்டு விழா என்றால் ‘கல்வி’. காதுகுத்து என்றால் ‘தாய்’. ஒரு பேச்சுக்குப் பதினொன்று என்பது அவர் அளவு. ஓட்டுநர் கோவிந்தராசு ஓய்வு பெற்ற அன்று, கடமையைப் பற்றிப் பதினொரு பெரியவர்கள் சொன்னதை இருபது நிமிடம் பேசினார். நல்ல கைதட்டல். வீட்டுக்குப் போகிற வழியில் கோவிந்தராசு தன் மனைவியிடம், “நல்லாத்தான் பேசுனாரு. யாரப் பத்திப் பேசுனாரு?” என்று கேட்டாராம்.

இந்தப் பழக்கத்துக்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் தமிழாசிரியர் அவர்களுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். கட்டுரையை நீல மையில் எழுது. மேற்கோளைக் கறுப்பு மையில் எழுது. திருத்துகிறவருக்கு நூறு தாள், உன் தாளுக்கு ஒன்றரை நிமிடம். அவர் கண் கறுப்பைத்தான் எண்ணும். நீலகண்டன் தேர்வுக்கு இரண்டு பேனா கொண்டுபோனார். எண்பத்து நான்கு வாங்கினார். இருபத்திரண்டு வயதில் அரசு வேலை கிடைத்தது. அங்கேயும் எந்தக் கடிதமும் ‘பார்வை’ என்ற சொல்லில் தொடங்கி, முன்னால் வந்த மூன்று கடிதங்களின் எண்ணைச் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வரும். எழுத்தர் தாமாக ஒரு வாக்கியம் எழுதினால் மேலே இருப்பவர், “இது எதன்படி?” என்று கேட்பார். முப்பது வருடம் ஒரு மனிதரிடம் தினமும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால், எதன்படியும் இல்லாத ஒரு வாக்கியம் தம்மிடம் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிடும்.

பிறர் சொல்லுக்குப் பின்னால் நிற்பதை உலகம் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. சில வேளை அது அடக்கந்தான். சில வேளை, குடைக்குள் நின்றுகொண்டு வெயிலே இல்லை என்று சொல்வது.

நாற்பத்தெட்டாவது வயதில் நீலகண்டன் அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்காலில் வகுப்பு. மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டது. கட்டுரைத் தாள் ஒன்றுதான் இரண்டு தடவை கவிழ்த்தது. ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பிப்ரவரியோடு ஐந்து வருடம் முடிகிறது. இதுவும் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து சேர வேண்டும்.

அது அவரோடு போகிற நஷ்டமாக இருந்திருந்தால் பரவாயில்லை. பங்குனியில் தங்கை மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம். தாய்மாமன் பெயர் பத்திரிகையில் வரும் அல்லவா? தங்கை கணவர் அன்பழகன் தருமபுரத்திலிருந்து போன் செய்தார்.

“மச்சான், பத்திரிகை அடிச்சாச்சு. ஆயிரம். உங்க பேருக்குப் பின்னாடி எம்.ஏ. போட்டாச்சு.”

“இன்னும் வரலியே மாப்ள!”

“பங்குனிக்குள்ள வந்துரும்ல? மாப்ள வீட்டுல தாய்மாமன் பி.இ.யாம். நம்ம பக்கம் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?”

முந்நூறு பத்திரிகை விழிதியூருக்கு வந்து பீரோ மேல் உட்கார்ந்துகொண்டது. ‘தாய்மாமன் நீலகண்டன், எம்.ஏ.’ என்று தங்க எழுத்தில். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சட்டை எடுக்கப் பழகினார்.

பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுரை திரும்பி வந்தது. பாடத்திலிருந்த நாவலின் நாயகி சின்னமணி கோழையா, துணிந்தவளா என்பது கேள்வி. நாவலில் சான்று காட்டி எழுத வேண்டும். நீலகண்டன் பதினாலு பக்கம் எழுதியிருந்தார். பாதிப் பக்கம் கறுப்பு. வகுப்பெடுக்கும் சிவப்ரியா முப்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார், சிரித்தால் சத்தமாகச் சிரிப்பார். அவர் அன்று சிரிக்கவில்லை.

“சார், இதுல எத்தன மேற்கோள் இருக்கு?”

“முப்பத்தொண்ணு மேடம்.” பதில் சட்டென்று வந்தது.

“எண்ணியிருக்கீங்க. நாவல்லேர்ந்து எத்தன?”

“அது… ரெண்டு.”

“எந்தப் பக்கம்?”

“இருவத்தாறாம் பக்கம் மேடம்.”

“நாவல்ல இருவத்தாறாம் பக்கத்துல சின்னமணி இன்னும் வரவே இல்லியே சார்!”

பின்வரிசையில் இருந்த ஆரிபா தலையைக் குனிந்துகொண்டாள். தையல் கடை நடத்துகிற பெண். அவளுக்குத் தெரியும், அது கைடின் இருபத்தாறாம் பக்கம். அவளும் அதே கைடுதான்.

சிவப்ரியா ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். கறுப்பு மையில், இரட்டை அடிக்கோடு போட்டு, ‘பொறுமைக்கு மறுபேரு நம்ம சின்னமணிதான்’ என்றிருந்தது. அதற்குக் கீழே நீல மையில், ‘என்று ஆசிரியர் போற்றுகிறார்’.

“இதச் சொல்றது ஆசிரியர் இல்ல சார். சின்னமணியோட புருஷனுக்கு அண்ணன். தம்பி செத்தப்பறம் அவ வயல எழுதி வாங்க வரான்ல, அவன். கைநாட்டு வாங்குறதுக்காக ஊரு முன்னாடி அவளப் புகழ்றான். ஏமாத்த வந்தவன் பேச்ச, நீங்க அவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழா ஒட்டிட்டீங்க.”

நீலகண்டனுக்குக் காது சுட்டது. எந்த மேடையிலும் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“இருவத்தெட்டாம் தேதிக்குள்ள திருப்பி எழுதிக் குடுக்கலாம் சார். ஒரே ஒரு தடவ. நாவலப் படிச்சிட்டு எழுதுங்க.”

தாளின் அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி இருந்தது. ‘மேற்கோள்கள் நிறைய. நீங்கள் எங்கே?’ இரட்டை அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மூன்று கேள்வி: ‘சொன்னது யார்? எப்போது? எதற்காக?’

வீட்டுக்கு வந்து கட்டுரையைப் பெரியநாயகியிடம் காட்டினார். அவள் ஒன்பதாவது வரை படித்தவள். சிவப்பு மையை மட்டும் படித்தாள்.

“அந்தப் பொண்ணு சரியாத்தானங்க கேட்டுருக்கு?”

“பெயிலாயிட்டா என்ன பண்றது நாயகி?”

“ஒண்ணும் கொறஞ்சு போயிடல. அந்தக் கறுப்புப் பேனா ரெண்டு டஜன் வாங்கியாங்க. நீங்களும் நானும் உக்காந்து முந்நூறு பத்திரிகையிலயும் எம்.ஏ.வ அடிச்சிருவோம். மீதி எழுநூற உங்க மாப்ள அடிச்சுக்கட்டும். அவசரப்பட்டவருதான?”

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரித்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அறுப்புக்காக லீவு போட்டிருந்தார். வாய்க்காலுக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் சம்பா தலை சாய்ந்து கிடந்தது. அறுவடை மெஷின் வெளியூரிலிருந்து வரும். யார் வயல் முதலில், யார் வயல் பிறகு என்று வரிசை போடுகிறவர் செல்லையன். தார்ப்பாயும் சாக்குமாகப் புருஷனும் பெண்டாட்டியும் போய் நின்றபோது, மெஷின் அவர்கள் வரப்பைத் தாண்டி முருகானந்தம் வயலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, மெஷின் எங்க போவுது?” என்றாள் பெரியநாயகி.

செல்லையன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “முருகானந்தம் அண்ணன் வயலுக்குக்கா. ஒங்களுக்குப் பொதங்கெழம வெச்சிருக்கேன்.”

“பொதங்கெழமயா? சரி. போன வெள்ளிக்கெழம எங்க கொல்லப்பக்கம் வந்தீங்கள்ல?”

“வந்தேன்.”

“மோர் குடுத்தேனா?”

“குடுத்தீங்க.”

“குடிச்சிட்டு, ‘இன்னொரு டம்ளர் இருந்தா குடுங்கக்கா’ன்னீங்க. அது இங்க தேவையில்ல, விட்டுருவோம். டம்ளரக் கீழ வெச்சிட்டு என்ன சொன்னீங்க? ‘திங்கக்கெழம மெஷின் எறங்குனா அக்கா வயல்தான் மொதல்ல’ன்னீங்க. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. சொன்னீங்களா?”

வரப்பில் நின்றிருந்த முருகானந்தம் சிரிக்க ஆரம்பித்தார். மெஷின்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, இது கேட்க வேண்டிய விஷயம் என்பதுபோல் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டார்.

“சொன்னேங்க்கா. ஆனா மழ வந்தா மாத்திக்கலாம்னும் சொன்னேன்ல?”

“சொன்னீங்க. அடுத்து அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. ‘மழ வந்தா பள்ளத்து வயல மொதல்ல அறுத்துட்டு ஒங்ககிட்ட வரேன்’ன்னீங்க. முருகானந்தம் அண்ணன் வயல் பள்ளந்தான். நான் இல்லேங்கல. மழ வந்துச்சா?”

ஐந்து பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம் கிடையாது.

“வரலக்கா.”

“அப்ப நீங்க சொன்னதுல எது நிக்கிது?”

செல்லையன் மெஷின்காரரைப் பார்த்துக் கையை வீசினார். “திருப்புப்பா. ‘மொதல்ல’தான் நிக்கிது.”

“தம்பி,” என்று வரப்பிலிருந்து கத்தினார் முருகானந்தம், “இனிமே அந்த வீட்டுல மோர் குடிக்காத! குடிச்சா வாயத் தொறக்காத!”

பெரியநாயகியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் நீலகண்டன் தார்ப்பாயைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். முப்பது வருடமாக இந்த வாயைக் கேட்கிறார். சண்டை என்றுதான் கேட்டிருக்கிறார். இன்றைக்குத்தான் அதை ஒரு கட்டுரையாகக் கேட்டார். ஒரே ஒரு வாக்கியம் எடுத்தாள். சொன்னது யார், என்றைக்கு, எங்கே நின்று, எதைக் குடித்துவிட்டு என்பது முதலில். இன்னொரு டம்ளர் மோர் உண்மைதான். ஆனாலும் வழக்குக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டாள். சொன்னதைச் சொன்னபடி சொன்னாள். அதற்கப்புறம் அவள் வாய் மூடவில்லை. அந்த வாக்கியத்திலிருந்து என்ன கிடைக்கிறது என்று எதிராளி வாயாலேயே சொல்லவைத்தாள். அவரோ முப்பத்தொரு பேரை மேடையில் ஏற்றிவிட்டு, தாம் கீழே இறங்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மெஷின் வயலுக்குள் இறங்கி வைக்கோல் தூசி கிளம்பியபோது மெதுவாகக் கேட்டார்.

“நாயகி, அந்த மழ விஷயத்த நீ ஏன் ஒத்துக்கிட்ட? நமக்கு எதிராத்தான இருந்துச்சு?”

“அவரு சொன்னாருல்ல?”

“சொன்னாரு. நீ அத வுட்டுட்டுப் பேசியிருக்கலாம்ல?”

“அவரு சொன்னதுல பாதிய மட்டும் எடுத்துச் சொன்னா, அது அவரு சொன்னதாங்க? அது நான் சொன்னது. நான் சொன்னத அவரு தலயில வெக்கிறது.” பிறகு தூசிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னாள்: “அதோட, நான் மறைச்சா அவரு எடுத்துடுவாரு. அப்பறம் வெள்ளிக்கெழம, மோரு, எதையும் யாரும் நம்ப மாட்டாங்க.”

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

“ஒங்கம்மாகிட்டதான். பன்னெண்டு வருஷம் அவங்களோட மல்லுக்கு நின்னேன்ல? என்னிக்கு என்ன சொன்னேன்னு, அன்னிக்கு வெச்ச கொழம்பு மொதக்கொண்டு சொல்லுவாங்க. அவங்கள செயிக்கணும்னா அவங்களவிட சரியா ஞாபகம் வெச்சுக்கணும்.”

நீலகண்டன் அன்று மாலையே நாவலை எடுத்தார். ஐந்து வருடத்துக்கு முன்பு வாங்கியது. முதுகு மடங்காமல் இருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. பெரியநாயகி அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாலு நாள் இப்படிப் போனது. அவள் காய் நறுக்குகிற நேரம், கீரை ஆய்கிற நேரம், கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிற மீன்கார அம்மாவிடம் வாங்கிய மத்தியை அலசுகிற நேரம் எல்லாம் அவர் கதை சொல்ல வேண்டியிருந்தது.

“புருஷனுக்கு அண்ணங்காரன் ரெண்டு சாட்சியோட பத்திரத்த எடுத்துக்கிட்டு வந்துட்டான். இவ பயந்து போயி, அப்பறம் பாத்துக்கலாம்னு…”

“நீங்க சொல்லாதீங்க. அவ என்ன சொன்னா, அதப் படிங்க.”

அவர் பக்கத்தைப் பார்த்தார். “‘நாளைக்கு வாங்க.’”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இதுவரைக்கும் மூணு தடவ வரான். மூணு தடவயும் அதையேதான் சொல்றா. கைடுல ‘காலம் தாழ்த்தும் பேதைமை’ன்னு போட்டுருக்கான்.”

கத்தரிக்காய் நின்றது. “அன்னிக்கு வயல்ல என்ன வேல?”

“அது கதைக்கு எதுக்கு?”

“ஆடி மாசம், ஒரு பொம்பள ஒண்டியா விவசாயம் பண்றா. வயல்ல என்ன வேலன்னு பாக்காம அவ எதுக்கு என்ன சொன்னான்னு எப்படித் தெரியும்? பாருங்க.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கம் முன்னால், போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: விதைநெல் மூட்டை அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் படித்தபோது அதைத் தாண்டிப் போயிருந்தார். அடுத்த அத்தியாயத்தைப் பார்த்தார். மறுநாள் பார்த்தால் நாற்றங்காலில் விதை விட்டாகிவிட்டது.

இப்போது அவருக்குக் கை பரபரத்தது. இரண்டாம் தடவை எப்போது வருகிறான்? நாற்று பறித்துக் கட்டி வைத்திருக்கிற அன்று. ‘நாளைக்கு வாங்க.’ மறுநாள் வயல் முழுக்க நடவு. மூன்றாம் தடவை? அவர் பக்கங்களைப் பின்னுக்கும் முன்னுக்கும் தள்ளினார்.

“நாயகி, கதிரு வெளிய வந்துருச்சு!”

“எமகாதகி!” என்றாள் பெரியநாயகி. அரிவாள்மனையை மடக்கிவிட்டாள். “அவ நாளையா கடத்துனா? நெல்ல வளத்துருக்கா! பயிரு நிக்கிற வயல்ல எந்தப் பயலும் காலு வைக்க மாட்டான். வெச்சா ஊரு காறித் துப்பும். அது அவளுக்குத் தெரியும். அந்தக் கைடு எழுதுனவனுக்குத் தெரியல. அவன் வயலப் பாத்துருக்க மாட்டான்.”

அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஒன்பது மணிக்குத்தான் இறங்கியது. இருவரும் சின்னமணியைப் பற்றி, அவள் தெற்குத் தெருவில் இருப்பவள்போலப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தை அவர் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில் படித்தார். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருக்கிறது. அண்ணன்காரன் நான்காவது தடவை வருகிறான். சின்னமணி நாளைக்கு வரச் சொல்லவில்லை. ‘இன்னிக்கே பேசிடுவோம், உக்காருங்க’ என்கிறாள். நீலகண்டன் டிபன் பாக்ஸை மூடினார். இதைப் பெரியநாயகி சொல்லவில்லை, கைடு சொல்லவில்லை, நோட்டில் எந்தத் தலைப்பின் கீழும் இல்லை. அவர் கண்டது. நாளை என்று சொன்னவளும் இன்று என்று சொல்கிறவளும் ஒரே பெண். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு போகம் விளைந்திருக்கிறது. கோழைக்கு இன்று என்பதே இருக்காது. அவர் எதிரே இருந்த கோப்பின் பின்பக்கத்தில் பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டார். எதன்படி என்று கேட்க ஆளில்லை.

எழுதுவது லேசாக இல்லை. முதலில், ஆகாத சான்று ஒன்று இருந்தது. இரண்டாம் தடவை ‘நாளைக்கு வாங்க’ என்றபோது சின்னமணிக்குக் ‘கை நடுங்கியது’ என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். அதை விட்டுவிடலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தார். பிறகு மழை ஞாபகம் வந்தது. அதையும் எழுதினார். நடுங்கிய கையோடுதான் மறுநாள் நட்டிருக்கிறாள், நடுங்காத கைக்குத் துணிச்சல் எதற்கு என்று எழுதினார். எழுதி முடித்து, இது யார் சொன்னது என்று பழக்கத்தில் தேடினார். யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, பக்கம் வெறிச்சென்றிருந்தது. பதினாலு பக்கக் கட்டுரை ஆறு பக்கத்தில் முடிந்துவிட்டது. கறுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. உப்பில்லாத சோற்றைப் பரிமாறுகிற மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது. ‘பெண்’ நோட்டைப் பிரித்து, முடிவுக்கு ஜம்மென்று ஒன்று வைக்கலாம் என்று எழுதியும்விட்டார். நன்றாகத்தான் இருந்தது. யார் சொன்னது, தெரியும். எப்போது, தெரியாது. சின்னமணிக்காகச் சொல்லப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதினார்.

கடைசிச் சிக்கல் பெரியநாயகி. பயிர் நிற்கிற வயலில் யாரும் கால் வைக்க மாட்டார்கள் என்பதில்தான் கட்டுரையே நிற்கிறது. அது அவள் சொன்னது. தாமே சொன்னதுபோல எழுதினால் யாருக்கும் தெரியாது. எம்.ஏ. கட்டுரையில் பெண்டாட்டியை மேற்கோள் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் யார், எப்போது, எதற்காக என்ற மூன்றுக்கும் அவரிடம் முழுப் பதில் இருந்த மேற்கோள் வாழ்க்கையில் இதுதான் முதல். கறுப்புப் பேனாவை எடுத்தார். ‘பயிர் நிற்கும் வயலில் எவரும் கால் வைக்கத் துணியார்’ என்று விழிதியூரில் நெல் பயிரிடும் பெரியநாயகி, இந்நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தைக் கேட்டபோது கூறினார் என்று எழுதினார். அவளிடம் சொல்லவில்லை. இருபத்தேழாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பின் பதினோரு நாள் பீரோவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

மார்ச்சில் இரண்டாம் ஞாயிறு. சிவப்ரியா அவர் தாளை எல்லாருக்கும் கடைசியாக எடுத்தார்.

“சார், அஞ்சு மேற்கோள் இருக்கு. நாலு நாவல்லேர்ந்து. அண்ணங்காரன் பேச்ச இந்தத் தடவ அவன் வாயிலயே வெச்சிட்டீங்க, சரி. அஞ்சாவது, பெரியநாயகி. யாரு சார் இவங்க? எந்தப் புத்தகம்?”

“வீட்டுல மேடம்.”

“வெளிவந்திருக்கா?”

“தெனமும் வெளிவருது மேடம்.”

சிவப்ரியா சிரித்த சிரிப்பு அடுத்த அறைவரை கேட்டது. தாளை நீட்டினார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. பெரிய மதிப்பெண் இல்லை. கட்டுரையும் பெரிய கட்டுரை இல்லை, நடுவில் ஒரே விஷயம் இரண்டு தடவை வருகிறது. அடியில் சிவப்பு மையில் இரண்டே வரி. ‘வந்துவிட்டீர்கள். முடிவுப் பத்தி நீளம்.’

“அண்ணே, பாஸா? அப்ப பிரியாணியா, பப்ஸா?” என்றாள் ஆரிபா. அவளும் தேறியிருந்தாள்.

“ரெண்டும்,” என்றார் நீலகண்டன்.

வீட்டில் பெரியநாயகி தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். ஐம்பத்தெட்டைப் பார்த்து, “அப்பாடா, பேனா வாங்குற வேல மிச்சம்” என்றாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள். நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். கறுப்பு மையில் தன் பெயர். உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தாள். முகம் சிவந்தது. அவர் பாராட்டுக்குத் தயாராக நின்றார்.

“இது நான் சொன்னதாங்க?”

“ஆமா. கத்தரிக்கா நறுக்குனப்ப.”

“‘எவரும் கால் வைக்கத் துணியார்.’ நான் என்னிக்கிங்க துணியார், பணியார்னு பேசியிருக்கேன்? ‘எந்தப் பயலும் காலு வைக்க மாட்டான்’னேன். ‘ஊரு காறித் துப்பும்’னேன். அதக் காணும்!”

“எம்.ஏ. தாள்ல பயலுன்னு எப்படி எழுதுறது நாயகி?”

“அப்ப ஏன் என் பேரப் போட்டீங்க? நான் சொன்னதுன்னா நான் சொன்ன மாதிரி இருக்கணும். அந்தப் பொண்ணு என்னப் பத்தி என்ன நெனச்சிருக்கும்? புலவர் வீட்டுப் பொம்பளன்னு நெனச்சிருக்கும்.” குரலில் கோபம் இருந்தது. தாளை மட்டும் அவள் கீழே வைக்கவே இல்லை.

நீலகண்டன் யோசித்தார். பிறகு மேசையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். திருத்தி, மதிப்பெண்ணும் போட்டாகிவிட்ட தாள். இனி யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே, பொடி எழுத்தில், பயலையும் காலையும் ஊர் காறித் துப்புவதையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவள் குனிந்து சரிபார்த்தாள்.

“இப்பச் சரி,” என்றாள். பீரோ மேலிருந்த கட்டை இறக்கினாள். “கெளம்புங்க. மொதப் பத்திரிகை செல்லையன் தம்பிக்கு.”

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வாங்கிய செல்லையன், முதலில் தாய்மாமன் வரியைத்தான் படித்தார். “எம்.ஏ.வாண்ணே! சொல்லவே இல்லியே!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“முந்தின நாளு சாயங்காலமே வந்துரணும் தம்பி,” என்றாள் பெரியநாயகி.

“வந்துடுறேங்க்கா,” என்றவர், அவள் முகத்தைப் பார்த்தார். வாசலை, கிழமையை, கையிலிருந்த தாம்பாளத்தை எல்லாம் அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “மழ வந்தாலும் வரேங்க்கா.”

உள்ளேயிருந்து செல்லையன் மனைவி மோர் கொண்டுவந்தாள். மோர் குடித்துவிட்டுச் சொன்னது நிற்கும் என்று தெரிந்தும், இந்தத் தடவை நீலகண்டன்தான் முதலில் டம்ளரை வாங்கிக்கொண்டார்.